ஏழாம் புள்ளியில் பத்து நிமிடம்

ஆறாம் புள்ளியைத் தாண்டியதும் அட்டைகள் நின்றுபோயின. காலுறையில் தடவிய வேப்பெண்ணெயும் மூக்குப்பொடியும் நாறிக்கொண்டிருக்க, சாரல் இலைக்கு இலை சொட்டிக்கொண்டிருக்க, ஐந்தருவிக்கு மேலே எஸ்டேட் ஓரமாக ஏறும் அந்த வழுக்குத் தடத்தில் கால் பார்த்து நடந்த பெர்சிஸ் அதைக் கவனிக்கவில்லை. ஷஹானாதான் சொன்னாள்.

“என்னக்கா, கீழ அம்புட்டு அட்டை கெடந்துச்சு. இங்கன ஒண்ணையுங் காணல?”

“மூக்குப்பொடி வேலை செய்யுது. நட.”

ஆடி மாதச் சாரலில், அழுகிய சருகுக்கு நடுவே, அட்டை இல்லாத தடம் கிடையாது. அது பெர்சிஸுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேரின் சூடான ரத்தம் நடந்து போகிறது. ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. காலை ஆறு மணிக் குளிரில் அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் பெர்சிஸ். நான்கு வருடமாகப் பறவை, தவளைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராக வருகிறாள். தடத்தில் ஏழு புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பத்து நிமிடம் கண்ணை மூடி நின்று கேட்க வேண்டும். என்ன குரல், எத்தனை மீட்டர் தூரம் என்று அவர் சொல்லச் சொல்ல, கூட வந்தவர் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போன வருடம் கூட வரவேண்டியவர் வரவில்லை. மழை வெளுத்து வாங்கியது. பெர்சிஸ் ஆறாம் புள்ளியோடு திரும்பி, ஐந்தருவி பஜ்ஜிக்கடையில் உட்கார்ந்து, வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே ஏழாம் புள்ளியின் தாளை நிரப்பினாள். தெரிந்த பறவை நாலு. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். நிஜம்போல் இருக்கட்டுமென்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இனம் தெரியாத குரல், ஒன்று. மூன்று குட்டை, ஒரு நீளம். ஓடைக்குள்ளிருந்து. முப்பது மீட்டர்.

அந்த வரியைப் பார்த்துக் குழுவே குதித்தது. புதுத் தவளையாக இருக்கும் என்றார்கள். செங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த வல்லிநாயகம் அண்ணாச்சி, கணக்கெடுப்பில் எல்லோருக்கும் மூத்தவர், அடுத்த ஞாயிறே அதைக் கேட்கத் தனியாகப் போனார். குடை கிடைத்தது, நோட்டு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று முடித்தார்கள். சிறந்த தன்னார்வலர் சான்றிதழ் அந்த வருடம் பெர்சிஸுக்கு வந்தது. வெட்கங்கெட்ட கை, அதையும் நீட்டி வாங்கிக்கொண்டது.

இந்த வருடம் ஏழாம் புள்ளி ஷஹானாவுக்கு. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை. அந்தக் குரலைக் கேட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் எழுதியது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வீட்டிலேயே இருந்திருப்பாள். பெர்சிஸ் சொல்லவில்லை. நானும் வருகிறேன், நான் கேட்கிறேன், நீ எழுது என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிவிட்டால் புள்ளியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இனி யாரும் இங்கே வர வேண்டியதில்லை. அண்ணாச்சி போன பிறகும் அவளுக்குத் தன் மானம்தான் பெரிதாக இருந்தது.

ஏழாம் புள்ளிக்கு அடையாளமாக மஞ்சள் நாடா கட்டிய மரத்தடியில் நின்றார்கள். எதிரே, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடை அகன்று கிடந்தது. தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஓசை மட்டும் இல்லை. ஈரச் சருகின் நாற்றத்துக்குள், மருந்துக்கடைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த வாடை லேசாக வந்தது.

“ஆரம்பிக்கலாம்க்கா.”

பெர்சிஸ் கண்ணை மூடினாள். பறவை இல்லை. சிள்வண்டு இல்லை. சாரல் சொட்டுவதுகூட நின்றிருந்தது.

மூன்று குட்டை. ஒரு நீளம்.

பஜ்ஜிக்கடையில் அவள் இட்டுக்கட்டிய குரல். அதேதான்.

“அக்கா!” ஷஹானா கிசுகிசுத்தாள். “கேக்குதா? முப்பது மீட்டர் இருக்கும்.”

“ஒண்ணும் கேக்கல. எழுதாத.”

மறுபடியும். இப்போது இருபது.

“நல்லாக் கேக்குதேக்கா…”

“கேக்கலங்கேன்லா! பூஜ்யம்னு போடு.”

பத்து. அந்த நீளத்தின் நடுவே குரல் அறுந்து, மூச்சு வாங்கியது. தவளை அப்படி மூச்சு வாங்காது. மனிதர்தான் வாங்குவார்கள்.

பென்சில் விழும் சத்தம். தண்ணீரில் கால் வைக்கும் சத்தம். ஒரு கால். இன்னொரு கால்.

பெர்சிஸ் கண்ணைத் திறந்தாள்.

ஓடை நடுவே வல்லிநாயகம் அண்ணாச்சி நின்றிருந்தார். முழங்கால் ஆழத்தில், முதுகு நிமிர்ந்து, கண் மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து. ஒரு வருடம் ஊறி வெளுத்த முகம். வாய் அகலத் திறந்திருந்தது. குரல் அங்கிருந்துதான் வந்தது. ஷஹானா அவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி ஷஹானா, வந்துரு! போன வருசம் நான் இங்கன வரவே இல்லட்டி! பொய்யி! அம்புட்டும் நானா எழுதுனது!”

ஒரு வருடம் கழித்து உண்மை வாயைவிட்டு வந்தது. கேட்க வேண்டியவள் திரும்பவில்லை. ஓடிப்போய் இழுத்து வர வேண்டும். கால் வரவில்லை.

ஷஹானா அவரிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றாள். முதுகை நிமிர்த்தினாள். கண்ணை மூடினாள். தலை சாய்ந்தது. வாய் மெல்லத் திறந்தது.

இருவருக்கும் இடையில், ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.