நேத்ராவின் மதில்

கடையைத் திறந்ததும் தன்விகா செய்யும் முதல் வேலை, வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயார் செய்வது. அவளுடைய தொழிலில் கையைவிடக் குரலுக்கே வேலை அதிகம். கண்ணாடிக்கு வெளியே காந்திபுரம் காலையிலேயே கொதிக்கத் தொடங்கியிருந்தது. நடப்பவர் அனைவரும் குளிர்ச்சட்டை அணிந்திருந்தார்கள். ஒவ்வொரு முதுகிலும் உள்ளங்கை அளவு மோட்டார் ஒன்று முனகியபடி, சட்டைக்குள் ஓடும் மெல்லிய குழாய்களில் குளிர்நீரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டால் கோவையின் சித்திரை வெயிலில் யாரும் நெடுநேரம் நிற்க இயலாது.

முதலில் வந்த பெரியவர் இறக்குமதிச் சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தன்விகா நிமிர்ந்து நின்று, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள்:

"பொருளின் விலை ஆறாயிரம். மதிலின் விலை நாலாயிரம். மதிலுக்குள் இருப்பவர், கணபதியில் பட்டறை நடத்தும் நேத்ரா."

மேசையில் பதித்திருந்த குரல்பதிவி பச்சை ஒளி காட்டியது. அதன் பிறகுதான் பணம் நகர்ந்தது.

"நேத்ராங்களா? யாரு பெத்த புள்ளையோ, நல்லாயிருக்கட்டும்," என்று சொல்லிப் பெரியவர் வெளியேறினார்.

எல்லாரும் அப்படி வாழ்த்துவதில்லை. "அந்தம்மா ஊட்டுக்கு மார்பிள் போட நான் அழுவோணுமாக்கும்!" என்று கத்தியவர்களும் உண்டு. வாய்மொழிச் சட்டம் இரண்டு வகையினரையும் எதிர்பார்த்தே இயற்றப்பட்டது. வெளிநாட்டுப் பொருளின்மீது விதிக்கப்படும் மதில்வரி முன்பெல்லாம் துறைமுகத்தில் யாருக்கும் தெரியாமல் விலைக்குள் கலந்து, கடைக்கு வரும்போது வெறும் விலையாகிவிடும். எழுதி ஒட்டினாலும் கண்கள் தாண்டிப் போயின. எனவே, எந்தத் தொழிலைக் காக்க மதில் எழும்பியதோ அந்தத் தொழிலுக்கு உரியவரின் பெயரை, வாங்குபவரின் காதில் விழும்படி விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்தது.

உள்ளூர்ச் சட்டைக்கும் ஒரு வாக்கியம் உண்டு. மதில் இல்லையென்றால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று கணித்து, கூடுதலாக ஏறியிருக்கும் தொகையை 'மதிலின் நிழல்' என்று சொல்ல வேண்டும். வரி உள்ளூர்ச் சட்டைக்கு இல்லை. ஆயினும் அண்டை வீட்டு மதில் உயர்ந்ததும் இதன் விலையும் எம்பிப் பார்த்துக்கொண்டு வளர்ந்திருந்தது.

தன்விகா ஏழு ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சொல்லி வந்தாள். ஆளைப் பார்த்ததில்லை. மதில் பெற்றவர் ஆண்டுக்கு ஒரு நாள், குலுக்கலில் விழும் ஏதேனும் ஒரு கடையில் நின்று, தாமே சொல்லி விற்க வேண்டும். இந்த ஆண்டு அவளுடைய கடைக்கு விழுந்திருந்தது. அதுவும் மதிலுக்குக் கொடுத்த ஏழு ஆண்டுக் கெடுவின் இறுதி நாள். இன்று கடை சாத்துவதற்குள் நேத்ரா குரல்பதிவியில் ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். 'நீட்டிக்கிறேன்' என்றால் மதில் இன்னும் மூன்று ஆண்டு நிற்கும். 'இறக்குகிறேன்' என்றால் அந்தக் கணமே நாடு முழுவதும் விலை இறங்கும்.

பத்து மணிக்கு உள்ளே வந்தவள் நெடிய பெண். நாள் முழுவதும் இயந்திரங்களுக்கு மேலாகக் கத்திப் பேசிப் பழகிய கரகரத்த குரல். தன் பட்டறைச் சட்டையையே அணிந்திருந்தாள்.

"வாக்கியத்த முழுசாச் சொல்லோணுங்க. பாதிய முழுங்கக் கூடாது," என்றாள் தன்விகா, வணக்கத்துக்குப் பதிலாக.

"முழுங்கறதா இருந்தா வேற ஆள அனுப்பியிருப்பனுங்கக்கா."

தன்விகாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

தாமே சொல்லும்போது வாக்கியம் சற்று மாறும். "மதிலுக்குள் இருப்பவள் நான்," என்று நேத்ரா முதல்முறை சொன்னபோது, எதிரே நின்ற இளைஞன் பணத்தை நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டான். ஒருவர் அவளுடைய கையைப் பற்றிக் குலுக்கினார். இன்னொருவர் சட்டையை மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். நேத்ரா இருவரையும் ஒரே மரியாதையோடு வழியனுப்பினாள். ஒருமுறைகூடக் குரலைத் தாழ்த்தவில்லை. இந்த நாளை எத்தனையோ முதலாளிகள் எப்படிக் கழிப்பார்கள் என்று தன்விகா கேள்விப்பட்டிருக்கிறாள்: இருமிக்கொண்டு, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, 'நான்' என்னும் சொல்லை மென்றுகொண்டு.

நண்பகலில் நேத்ராவின் தம்பி சஞ்சீவ் அழைத்தான். அவன் குரல் மேசைக்கு அப்பாலும் கேட்டது.

"அக்கா, மூணு வருசம் கேட்டுப்போட்டு வந்துரு. அம்பது குடும்பம் இருக்குது நம்ம பட்டறைய நம்பி. சும்மா வீராப்பு காட்டாத."

"சாப்டியா?"

"அக்கா!"

"சாப்டுடா மொதல்ல," என்று துண்டித்துவிட்டாள். ஆனால் அதன் பிறகு சிறிது நேரம் அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தன்விகா கவனித்தாள்.

வெயில் உச்சியில் இருந்தபோது மோனிஷா வந்தாள். வீடுவீடாகப் பொட்டலம் கொண்டுசேர்ப்பவள், கனத்த தோள்பை. பழைய சட்டை கிழிந்துவிட்டதால் புதியது வாங்கியே தீர வேண்டும். நேத்ரா இரண்டு சட்டைகளையும் எடுத்து வைத்து இரண்டு வாக்கியங்களையும் சொன்னாள். 'மதிலுக்குள் இருப்பவள் நான்' என்பதைக் கேட்டதும் மோனிஷா பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"ஓ, நீங்கதானா அது? திருப்பூர்ல என்ற ஊட்டுக்காரர் இருந்த பனியன் கம்பெனிய மூடி ஆறு வருசமாச்சு. உங்க மோட்டாருக்காக இங்க மதில் வெச்சாங்க. பதிலுக்கு அந்த நாட்டுக்காரனுங்க எங்க பனியனுக்கு மதில் வெச்சானுங்க. அதுக்கு யாரு பேர யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க," என்றாள் நேத்ரா. "சொல்லியிருக்கோணும்."

சமாதானம் வரும் என்று எதிர்பார்த்து அதற்குரிய மறுமொழியையும் தயாராக வைத்திருந்த மோனிஷா சற்றுத் தடுமாறினாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த வணிகப் பூசல் அவளுக்கும் நினைவிருந்தது. அந்தக் கோடையில் கடல் கடந்த நாடு மோட்டார் ஏற்றுமதியை ஒரே நாளில் நிறுத்திவிட்டது. பழுதான சட்டைகளுக்கு மாற்று மோட்டார் கிடைக்காமல், சாலை போடுபவர்களும் கட்டட வேலைக்காரர்களும் சுருண்டு விழுந்தார்கள். அப்போது 'நான் மோட்டார் சுற்றித் தருகிறேன்' என்று நாட்டில் முதலில் கை தூக்கிய பட்டறை நேத்ராவுடையதுதான். அதை நேத்ரா இப்போது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"சரி, வரி வெளிநாட்டுச் சட்டைக்குத்தான. உங்களுது ஏன் ஒம்பதாயிரத்து ஐநூறு?"

"மதிலால ஏறுன வெலையில பாதி, மோட்டார் சுத்தற மெசினுக்குப் போச்சுங்க. மொத ரெண்டு வருசம் எங்க மோட்டார் அடிக்கடி நின்னுபோச்சு. இப்ப நிக்கறதில்ல. அவங்களுதவிட நல்லா ஓடுது."

"மீதிப் பாதி?"

"அந்த வெலைக்கு வித்துது. அதனால வித்தேனுங்க."

கடையில் இருந்த மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு பதிலை எந்தச் சட்டமும் நேத்ராவிடம் கேட்கவில்லை.

மோனிஷா அடுத்த கேள்வியைக் கோபமின்றியே கேட்டாள். "மதில் இல்லாட்டி உங்க சட்டைய யாராச்சும் வாங்குவாங்களா?"

"தெரியலைங்க."

சொல்லிவிட்டு நேத்ரா தன் சொல்லையே உற்றுக் கேட்பவள்போல் நின்றாள். ஏழு ஆண்டுகள் அவள் மோட்டாரைச் சோதித்திருக்கிறாள்: கொதிநீரில், மணலில், தொடர்ந்து ஓடவிட்டு. இந்த ஒரு சோதனைக்கு மட்டும் இடமே இருந்ததில்லை. இன்னும் மூன்று ஆண்டு கேட்டால், மூன்று ஆண்டு கழித்தும் இதே மேசையில் இதே பதிலைத்தான் சொல்ல நேரிடும்.

கடை சாத்த இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவள் குரல்பதிவியின் பக்கம் குனிந்தாள். காலை முதல் ஓங்கி ஒலித்த குரல் அந்த ஒரு சொல்லில் மட்டும் சற்றே நடுங்கியது.

"இறக்குகிறேன்."

பச்சை ஒளி நெடுநேரம் எரிந்தது. விலைப்பலகையில் இறக்குமதிச் சட்டையின் பத்தாயிரம் கலைந்து ஆறாயிரம் ஆயிற்று. உள்ளூர்ச் சட்டையின் விலை வெறுமையாகத் துடித்தது; இனி அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"ஏழாயிரம்," என்றாள் நேத்ரா. "அதுக்குக் கீழ போனா கூலி குடுக்க முடியாதுங்க."

சஞ்சீவின் அழைப்பு உடனே வந்தது. அவள் எடுக்கவில்லை. மோனிஷா இரண்டு சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரில் நிற்பவளின் முகத்துக்காக ஏழாயிரத்தை எடுத்துவிடுவாளோ என்று தன்விகா நினைத்தாள்; அப்படி எடுத்திருந்தால் ஒருவேளை தானே தடுத்திருப்பாள். மோனிஷா எடுத்தது இறக்குமதிச் சட்டையை.

நேத்ரா அதை வாங்கி, ஒழுங்காக மடித்து, உறையில் இட்டு, இரு கைகளாலும் கொடுத்தாள். ஐம்பது குடும்பங்களின் பாரத்தைச் சுமந்துகொண்டு, தன்னை வேண்டாம் என்றவளுக்கு அத்தனை நேர்த்தியாகப் பொட்டலம் கட்டிய ஒருத்தியைத் தன்விகா தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள் நேத்ரா. "ஆயிர ரூபாய்க்காகவா?"

"ஆயிரம் பெருசுதான். ஆனா அதில்லீங்க. உங்களுது மோட்டார் நல்லா ஓடும், என்ற கூட வேலை செய்யறவங்க சொல்லியிருக்காங்க. தோளுதான். ஒருத்தியோடத வாங்கிப் போட்டுப் பாத்தனுங்க. மேல பைய மாட்டுனா அந்தத் தையல் எலும்புல குத்துது. ஆம்பளத் தோளுக்கு வெட்டியிருக்கீங்களாட்ட இருக்குது."

நேத்ரா தன் தோளைக் குனிந்து பார்த்தாள். அவள் பட்டறையில் இருந்தவர்கள் மோட்டார்க்காரர்கள். சட்டை என்பது மோட்டாரை மாட்டிவைக்கும் துணி என்றே எண்ணியிருந்தார்கள். பட்டறைக்குள் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து வேலை செய்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சட்டைக்கு மேல் பை மாட்டி வெயிலில் நடந்ததில்லை. வேறு வழியின்றி வாங்கியவர்கள் நேத்ராவை வாழ்த்தினார்கள் அல்லது ஏசினார்கள். தோள் வலிக்கிறது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "எந்த எடம்? பைய மாட்டிக் காட்டுங்க."

மோனிஷா பையை மாட்டினாள். நேத்ரா தன் விரலை அவள் தோளில் வைத்தாள். "இங்கிங்களா?"

"இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கம்... ஆ, அங்கதான்."

தன்விகா கேட்கப்படாமலேயே அளவு நாடாவை எடுத்து நீட்டினாள். நேத்ரா கழுத்துக்கும் எலும்புக்கும் இடையே அளந்தாள். பிறகு திரும்பி, "நீங்களும் வாங்கக்கா," என்று தன்விகாவின் தோளையும் அளந்தாள்.

"சித்திரை முடியறதுக்குள்ள வேற மாதிரி தெச்சிருவீங்களா?" என்று கேட்டாள் மோனிஷா.

"தெச்சா வாங்குவீங்களா?"

மோனிஷா பையைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள். வெக்கை உள்ளே அடித்தது.

"போட்டுப் பாத்துட்டுச் சொல்றனுங்க," என்றாள்.