நெட்டை இழுக்கும் போன்

இரும்பு உருக்கும் மில்லின் ஆபீசில் எல்லோரும் கிளம்பிய பிறகும் யாரோ நெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மெயிலில் வந்த வீடியோ பாதி இறங்கி நின்றது. மெல்ல நகர்ந்து மறுபடி நின்றது. மெர்சி மற்ற கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒயரைப் பிடுங்கி நேராக மோடத்தில் செருகினாள். வீடியோ இறங்குவதைக் காட்டும் நீலக் கோடு அசையவில்லை. மழைக்கு இருட்டிய ஜன்னலுக்கு வெளியே, துருவும் புகையும் கலந்த ஈர வாசத்தினூடே, கிரேனின் காந்தம் பழைய இரும்பை அள்ளி உலைக்குக் கொண்டுபோகும் சத்தம் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதைப் போல விட்டுவிட்டுக் கேட்டது.

அவள் கணவன் வசந்தகுமார் நேற்று ஷிப்டுக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. அவன் வெளியே போனதாகத்தான் கேட்டில் கார்டு பதிவாகியிருந்தது. ஆனால் அந்தக் கார்டைத் தேய்த்தது அவன் கூட்டாளி தேசப்பன். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்ப்பது பதிவில் தெரியக்கூடாது என்று இந்த மில்லில் ஒருவர் கார்டை இன்னொருவர் தேய்ப்பது வழக்கம். உள்ளே தங்குகிறவன் அடுத்த ஷிப்ட் வரைக்கும் இரும்புக் குவியலில் ஏதாவது பழைய கார் கூட்டுக்குள் சுருண்டு தூங்குவான். மத்தியானம் தேசப்பன் இதை அவளிடம் மட்டும் சொன்னான்.

"சார் கேட்டா நான் இல்லேன்னுதான் சொல்வேன் அண்ணி. என் வேலை பூடும்."

அவன் இன்னும் குவியலுக்குள்தான் இருக்கிறான் என்று சூப்பர்வைசர் மணவாளனிடம் அவளே போய்ச் சொன்னாள். பதிவு பொய் சொல்லாது என்றார் அவர். தேசப்பன் இரண்டு கார்டு தேய்த்ததைக் கேட் கேமராவில் காட்டினால் உலையை நிறுத்துவதாகச் சொன்னார். கேமரா கம்பெனி அனுப்பிய அந்த வீடியோதான் இறங்க மறுத்தது.

நெட் போட்டுக்கொடுத்த கோபாலுக்குப் போன் செய்தாள். மோடத்தில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னான்.

"உங்க கம்ப்யூட்டர் தவிர இன்னா பேரு காட்டுது மேடம்?"

வசந்த்.

அது அவள் கணவனின் போன். சிக்னல் எத்தனை கோடு என்று கோபால் கேட்டான். ஒன்று என்றாள்.

"அப்ப செவுத்துக்கு அந்தாண்டதான் கீறான். எதையோ அனுப்பிக்கினே கீறான், அதான் உங்களுக்கு எறங்கல. அந்தப் பேர பிளாக் பண்ணிடுங்க, சர்ருனு வந்துரும்."

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் குவியல் மட்டும்தான் இருந்தது.

மழையில் ஓடினாள். கிரேன் ஓடும்போது யார்டின் தகரக் கதவை உள்ளிருந்து பூட்டிவிடுவார்கள். கை தோலுரியும்வரை அறைந்தாள். இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மணவாளன் போனை எடுக்கவில்லை. கணவனின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே ஆபீசுக்குத் திரும்பி வந்தாள்.

அவனைத் துண்டித்தால் வீடியோ இறங்கும். துண்டித்தால், அவன் அனுப்பிக்கொண்டிருப்பது நின்றுவிடும். பிளாக் பட்டனுக்கு மேலே விரலைக் கொண்டுபோனாள். அழுத்த முடியவில்லை.

வெளியே காந்தம் தூக்கியது. நகர்ந்தது. விட்டது.

உலை நீளமாகச் சீறியது.

வசந்த் என்ற பெயர் திரையில் இல்லை. நீலக் கோடு ஒரே மூச்சில் கடைசிவரை ஓடியது. வீடியோ தானாகத் திறந்தது. கேட். தேசப்பன். அவன் கையில் இரண்டு கார்டு. அத்தனை தெளிவு.

அவள் அழவில்லை. பட்டியலையே பார்த்தாள்.

பெயர் திரும்ப வந்தது.

சிக்னல் ஒரு கோடு. இரண்டு. எல்லாக் கோடும்.

ஆபீஸ் கதவு திறக்கப்படவில்லை. மயிர் கருகும் வாசம். பிடரியில் அனல். அவள் காதிலிருந்த போனில் மணியடிப்பது நின்றது. யாரோ எடுத்திருந்தார்கள்.

வீடியோ முடிந்து திரை கறுத்தது. அந்தக் கறுப்பில், அவள் நாற்காலிக்குப் பின்னால், உலையிலிருந்து அப்போதுதான் உருவிய கம்பியின் சிவப்பில், காதில் எதையோ வைத்தபடி ஓர் ஆள் நின்றிருந்தான்.