ரெண்டு நிமிஷம் பேசலாமா?

"மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டீங்க போலிருக்கே மேடம்? நேத்து அந்தக் கத்து கத்திச்சே, இன்னைக்குக் கிறீச்சுங்கிற சத்தமே காணோம்."

வாய் ஓரத்தில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவளுக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. மேசை மேல் ஸ்பீக்கரில் கிடந்த போனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில்தான் எண்ணெய் விட்டிருந்தாள். அப்போது வீட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. புருஷன் லாரியோடு ஏதோ நெடுஞ்சாலையில் இருந்தான், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

ஊசிகளை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "யாரும்மா நீ?" என்றாள்.

"வணக்கம் மேடம். ஒரு சின்ன ஆஃபர் விஷயமா கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

தேன் தடவிய அதே குரல். கொஞ்ச நாளாகத் தினம் வருகிற குரல்.

இந்த மாதிரி அழைப்புகள் அவளுக்குப் புதிதில்லை. லோன் வேணுமா, மனை வேணுமா, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் வேணுமா என்று நாள் பூரா உயிரை எடுப்பார்கள். ஒருத்தன் அவளை வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகச் சொன்னான். அடுத்த தெருவுக்குப் போகவே அவளுக்கு நேரமில்லை, அது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது! எடுக்காமலும் இருக்க முடியாது. தெரியாத நம்பர் என்றால் புது வாடிக்கையாகவும் இருக்கலாம், சீருடைக்கு அளவு கொடுக்க யாராவது கூப்பிடலாம். "கட் பண்ணினா மறுபடி அடிப்பாங்கடி. எடுத்து ஓரமா வெச்சிரு, கத்திக் கத்தித் தொண்டைத்தண்ணி வத்தினா அவங்களே வெச்சிடுவாங்க" என்று புருஷன்தான் யோசனை சொன்னான். வாய் நிறைய ஊசியோடு பதில் பேசவும் முடியாதவளுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று.

மற்றவர்கள் எல்லாரும் சலித்துப்போய் வைத்துவிட்டார்கள். இந்தத் தேன்குரல்காரி மட்டும் வைக்கவில்லை. ரெண்டு நிமிஷம் பேசலாமா என்று கேட்பாள், பதில் வராது, அப்புறம் அவளும் பேசாமல் இருந்துவிடுவாள். லைன் மட்டும் உயிரோடு கிடக்கும். "பாவம், இதுக்கும் யாரோ சம்பளம் கொடுக்கிறாங்களே" என்று தையல்காரி சிரித்திருக்கிறாள். அந்தப் போன் பாட்டுக்கு மேசையில் கிடக்க, வீட்டில் நடக்கிற அத்தனையும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. மெஷின் ஓடுவது, மகள் வந்து பையைத் தொப்பென்று போடுவது, ஷூவை மூலைக்கு உதைப்பது, அவள் ஊசி கவ்விய வாயோடு குட்டிம்மா, குட்டிம்மா என்று அதட்டுவது, அப்புறம் மனசு கேட்காமல் மடியில் இழுத்துப் போட்டுக் கொஞ்சுவது, எல்லாம்.

அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாத" என்று வைத்தாள். நம்பரைத் தடை செய்தாள்.

மத்தியானம் மகள் வந்து, சாப்பிட்டு, சுவர் ஓரமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தபோது வேறொரு நம்பர் வந்தது. வாடிக்கையாக இருக்கும் என்று எடுத்தாள்.

"ஹலோ?"

காதோடு அழுத்திக் கேட்டாள். ரொம்பத் தூரத்தில், சாமான் ஒன்றுமில்லாத பெரிய கூடத்தில் கேட்பதுபோல ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது; தொழில் தெரிந்த கால் இல்லை, நாலு தையல் ஓடி, நின்று, தடுமாறி, மறுபடி பிடித்து ஓடுகிற, இப்போதுதான் கற்றுக்கொள்கிற கால். அதற்கும் மேலே, போனுக்கு மிக அருகில், ஈரமான மூச்சு. அந்த மூச்சுக்குள்ளிருந்து ஒரு குரல் மெல்லச் சொல்லிப் பார்த்தது.

"குட்டிம்மா."

கொஞ்சம் இடைவெளி.

"குட்டிம்மா." இந்தத் தடவை இன்னும் தாழ்வாக.

"அடியே குட்டிம்மா."

கடைசித் தடவை சரியாக வந்துவிட்டது. அது அவளுடைய குரல். வாய் ஓரத்தில் ஊசி இருக்கும்போது 'ட' லேசாக வழுக்குமே, அந்த வழுக்கல்கூட இருந்தது.

போனை அணைத்தாள். மறுபடி உயிர்ப்பித்துப் புருஷனுக்குப் போட்டாள். அவன் சிரித்தான். "ரெக்கார்ட் பண்ணி விளையாடுறாங்கடி, வேலவெட்டி இல்லாதவங்க. வந்ததும் சிம்மை மாத்திடலாம். சும்மா பயந்து சாகாத."

அவள் பயந்துதான் செத்தாள். போனை மறுபடி அணைத்தாள்.

சாயங்காலம் எதிர்க் கட்டிடத்து நர்ஸுக்குச் சீருடை கொடுத்தாக வேண்டும். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள், அவள் வந்து வாங்கவும் வழியில்லை. மகளைக் கூட்டிப்போகலாம் என்றால் அது தூக்கக் கலக்கத்தில் சிணுங்கியது. போனில்தானே பிசாசு? சனியன் என்னோடயே வந்து தொலையட்டும் என்று அணைந்த போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உள்ளே தாழ் போட்டுக்கோ. அம்மா குரல் கேட்டாத்தான் திறக்கணும். தெரியுதா?"

"தெரியும்மா. எத்தனை தடவ சொல்லுவ!"

கொடுத்த கையோடு திரும்பி ஓடி வந்தாள். மாடிப்படியில் இருட்டுக் கட்டத் தொடங்கியிருந்தது. சுண்ணாம்பு வாசனை, யாரோ துணி அலசிய சோப்பு வாசனை. கதவைத் தட்டினாள்.

"குட்டிம்மா, அம்மா வந்துட்டேன். திற."

சின்னப் பாதங்கள் ஓடி வந்தன. தாழ்ப்பாள் வரைக்கும் வந்து நின்றன.

"அம்மா, வெளியில யாரோ உன்ன மாதிரியே பேசுறாங்க."

மகள் அதை இவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் திரும்பிச் சொன்னாள்.

"திறக்காதடி செல்லம். இங்க வா."

உள்ளிருந்து அவள் குரல். ஊசி கவ்விய வாய்.

கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள். அணைந்துதான் இருந்தது. கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"குட்டிம்மா! அது நானில்லடி! நான்தான்டி அம்மா! திறடி!"

கத்தியதில் குரல் கிழிந்து யாருடைய குரலோ போல வந்தது. உள்ளே குழந்தை பயந்து விசும்பியது. அவள் கதவைக் கையால் குத்தினாள், தோளால் மோதினாள். எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்னாச்சு? இவ்ளோ நேரம் உள்ளதானே பேசிட்டிருந்த?"

"அக்கா, உள்ள யாரோ இருக்காங்கக்கா. புள்ள உள்ள இருக்குக்கா!"

அக்கா தானே போய்த் தட்டினாள். "குட்டி, அத்தைடா. கதவைத் திற."

"ஒண்ணுமில்லக்கா" என்றது உள்ளிருந்த குரல். "புள்ளைக்குத் தல சீவிட்டிருக்கேன். அப்புறமா வரேன்."

அக்கா கதவைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தரையில் இவள் பாதங்கள் படிகிறதா என்று பார்த்தாள். பின்னாலேயே நகர்ந்து வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

"அக்கா! நான்தான்க்கா! ஐயோ, யாராவது வாங்களேன்!"

யாரும் வரவில்லை. மேல்மாடியில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது. போனை உயிர்ப்பித்து, புருஷனை அழைத்தாள்.

"எதுக்குடி சும்மா சும்மா அடிக்கிற? இப்பதானே பேசின, புள்ளயும் பேசிச்சு. வண்டி ஓட்டுறேன், வை."

வைத்துவிட்டான்.

கதவின் உச்சியில் ஏதோ உரசியது. மேல் தாழ்ப்பாள். நாற்காலி போட்டு ஏறினாலும் குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள். அது துருவோடு, நிதானமாக, கடைசி வரைக்கும் நகர்ந்து விழுந்தது.

வராந்தாப் பக்க ஜன்னலுக்கு ஓடினாள். பூப்போட்ட மங்கல் கண்ணாடி. உள்ளே விளக்கு எரிந்தது. கம்பிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தட்டினாள். சின்ன உருவம் ஒன்று அருகே வந்து நின்றது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தது. ஐந்து விரல். அவளும் இந்தப் பக்கம் தன் கையை வைத்தாள்.

"குட்டிம்மா." மூச்சாக மட்டும்தான் வந்தது.

குழந்தை தலையைச் சாய்த்துப் பார்த்தது. அடையாளம் தெரிந்தாற்போல இருந்தது.

பின்னால் ஒன்று எழுந்தது. உயரம். கூரை வரைக்கும் உயரம். அங்கிருந்து குனிந்தது. குனிந்துகொண்டே இருந்தது. குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு முகம் வந்து நின்றது. அந்த முகத்தின் வாய் ஓரத்தில் ஊசிகள் மினுக்கின.

நீளமான விரல்கள் குழந்தையின் கையைக் கண்ணாடியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தன.

குட்டிம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள் அறைக்கு நடந்துபோனாள்.