பின்பக்கச் சத்தம்

காலை பதினொரு மணிக்கு அவள் அந்தப் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வானம் மூட்டம் போட்டிருந்தது. சாவியை வீட்டுக்காரர் முந்தின நாளே கொடுத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அடுத்த மாதம் வீட்டை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் முன்கூடத்தில் உட்கார்ந்து வீட்டைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும், அதை வீடியோ எடுத்துத் தர வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் கூடத்தில் யாரும் உட்கார்ந்து பல வருடம் ஆயிற்று என்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு ஐந்து மாதமாகவே இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளுடைய அண்ணன் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. இதயம் தூக்கத்திலேயே நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அண்ணனும் தங்கையுமாகப் பன்னிரண்டு வருடம் சேர்ந்து தொழில் செய்தவர்கள். அவள் கேமரா, அவன் ஒலி. நீளமான கம்பின் முனையில் மைக்கை மாட்டி, பேசுகிறவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, அவளுடைய வலது தோளுக்குப் பின்னால் நிற்பான். மணிக்கணக்கில் நின்றாலும் கை நடுங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் எல்லோரையும் வாய் மூடச் சொல்லி முப்பது விநாடி வெறும் அறையைப் பதிவுசெய்வான். ஒவ்வோர் அறைக்கும் தனி அமைதி உண்டு, வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அந்த அமைதியால்தான் அடைக்க வேண்டும் என்பது அவன் கட்சி. 'வாயை மூடுங்கள்' என்பதைக்கூட வாயால் சொல்ல மாட்டான். கையை உயர்த்துவான். அவ்வளவுதான், பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிடும்.

அதனால் வந்த வினை என்னவென்றால், பன்னிரண்டு வருடப் பதிவுகளில் அவன் குரல் ஒரு இடத்தில்கூட இல்லை.

அண்ணிக்கு அதுதான் தாங்கவில்லை. போனில்கூட அவன் தட்டச்சுதான் செய்வான், பேசி அனுப்ப மாட்டான். எங்கேயாவது ஒரே ஒரு வார்த்தை இருக்கிறதா பார் என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். இவளும் பழைய பதிவுகளையெல்லாம் சலித்துப் பார்த்துவிட்டாள். ஒரு கல்யாண வீடியோவில் ஒரே ஒரு இருமல் கிடைத்தது. அண்ணி அதைப் பத்து முறை கேட்டு, பதினோராவது முறை அது மாப்பிள்ளையின் சித்தப்பா இருமியது என்று கண்டுபிடித்தாள். அன்றைக்கு அண்ணி அழுத அழுகையைப் பார்த்தும் இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. ஊசி போட்ட பல் மாதிரி, இருக்கிறது என்று தெரிந்ததே தவிர வலிக்கவில்லை.

இப்போது கம்பைப் பிடிக்க ஆள் இல்லை. கேமரா தலையிலேயே உட்காரக்கூடிய சின்ன மைக் ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். மைக் கடைக்காரர் அண்ணனின் நெடுநாள் சிநேகிதர். மூன்று மைக்குகளை எடுத்துக் கொடுத்து, இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். முதலாவது விரல் நீளம்தான், எலிக்குட்டி போல இருந்தது. அது நாலாபக்கமும் கொஞ்சம் கேட்கும் என்றார். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது ஒரு சாண் நீளம், தனி பேட்டரி. எதிரே இருப்பவர் பேச்சை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும், பக்கத்திலும் பின்னாலும் இடியே விழுந்தாலும் கண்டுகொள்ளாது என்று அதைத் தடவிக் கொடுத்தார்.

இந்த மாதிரி மைக்குக்கு முதல் வேலையே பின்பக்கத்தைத் தள்ளுவதுதான். கேமராவைப் பிடித்திருப்பவரின் மூச்சும் செருப்புச் சத்தமும் யாருக்கு வேண்டும்?

மூன்றையும் வாத்தியார் பேசப்போகும் இடத்திலேயே சோதித்துப் பார்க்கத்தான் அன்றைக்கு அவள் வந்திருந்தாள். கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி மட்டும் கிடந்தது. மூடிக் கிடந்த மரத்தின் வாடையும், அதற்கு அடியில் நனைந்த துணி காயாமல் கிடந்தது போன்ற இன்னொரு வாடையும் வந்தன. ஜன்னலைத் திறந்தும் வெளிச்சம் பாதிக் கூடம்வரைதான் வந்தது. அவள் நாற்காலிக்கு எதிரே முக்காலியை விரித்துக் கேமராவை மாட்டினாள். எலிக்குட்டியைச் செருகி, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கையை உயர்த்தினாள். முப்பது விநாடி அமைதி.

முழு அமைதி இல்லை. பின்னாலிருந்து ஏதோ முணுமுணுப்பு கேட்டது. சுவருக்கு அப்பால் யாரோ ஓயாமல் பேசுவது போல, வார்த்தை பிடிபடாத சத்தம். அக்கம்பக்கத்து வீட்டு ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தாள். நோட்டில், 'ஒன்று: பின்பக்கச் சத்தம் வருகிறது, வேண்டாம்' என்று எழுதினாள்.

இரண்டாவது மைக்கில் முணுமுணுப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் முன்னாலிருந்து லேசாக ஒரு இழுப்பு கேட்டது. காற்று என்று எழுதினாள்.

மூன்றாவதை மாட்டினாள். பின்பக்கம் அடியோடு அடங்கிவிட்டது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

முன்பக்கம் மட்டும் கேட்டது.

இழுத்து, நிறுத்தி, விடும் மூச்சு.

நாற்காலியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றினாள், ஒன்றும் இல்லை. மாட்டினாள், மூச்சு இருந்தது. இரண்டு அடி கிட்டே வந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கேமராவைப் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடியிருப்பார்கள். அவளுக்குப் பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. பேட்டரியை மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன்."

ஆண் குரல். அடித்தொண்டைக் கிசுகிசுப்பு.

கிசுகிசுப்பில் எல்லார் குரலும் ஒன்றுதான். தொண்டை அதிராமல் வெறும் காற்றால் பேசும்போது ஆளை அடையாளம் சொல்ல முடியாது. அண்ணனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவளுக்கு அது அப்போது நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவைத்துவிட்டாள்.

"அண்ணனா?" என்றாள்.

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.

"ஆமா."

பிறகு, "வீட்டுல யாரு இருக்கா?"

"அண்ணி மட்டும்தான்," என்றாள் அவள்.

அதற்குமேல் அந்தக் குரல் வரவில்லை. பொருள்களை அடுக்கிப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது மைக்கைத்தான் வாங்குவது என்று வழியிலேயே முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றினாள். தன் குரலையும், கடைசிக் கேள்வியையும் வெட்டி எடுத்தாள். மிச்சத்தில் அடியில் நூலாக ஓடிக்கொண்டிருந்த இரைச்சலைத் துடைத்தாள். தொழிலில் கைதேர்ந்தவள், சுத்தமாகத் துடைத்தாள். எட்டு விநாடிக்குப் பளிங்கு போல ஒரு துண்டு வந்தது. அண்ணியின் போனுக்கு அனுப்பிவைத்தாள்.

ஐந்து நிமிடத்தில் அண்ணி கூப்பிட்டாள். விம்மல்தான் வந்தது. கடைசியில் அவரேதான், அவரேதான் என்று இரண்டு முறை சொல்லி வைத்துவிட்டாள். அண்ணிக்கு ஒரு குரல் கிடைத்துவிட்டது. தான் சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று இவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமும் வரவில்லை.

மறுநாள் அண்ணி மூன்று முறை பேசினாள். சமைக்கும்போது அதை ஓடவிட்டுக்கொண்டே சமைக்கிறாளாம். மூன்றாவது முறை, வாசல் கதவு எந்தப் பக்கம் என்று அவர் கேட்கிறார், போனவருக்கு வீடு மறந்துவிடுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்த எட்டு விநாடியில் கதவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. அண்ணி ஏக்கத்தில் எதையோ கற்பனை செய்துகொள்கிறாள் என்று இவள் விட்டுவிட்டாள்.

அதற்கும் மறுநாள் மதியம் மற்ற இரண்டு மைக்குகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனாள். கடைக்காரருக்கு எலிக்குட்டியின் மேல் தனிப் பிரியம். போன வாரம் மட்டும் பதினாறு விற்றிருக்கிறதாம், அதில் என்ன குறை கண்டாய் என்று விடாமல் கேட்டார். பின்பக்கச் சத்தம் வருகிறது என்றாள்.

அவர் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டிக் கிடந்த வீட்டுல, உனக்குப் பின்னாடி என்னம்மா சத்தம்?"

அக்கம்பக்கத்து ரேடியோ என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் இல்லை. இரண்டு பக்கமும் ஏற்கெனவே இடித்துத் தரைமட்டமாக்கிய காலி மனை. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அன்றைக்கு உள்ளே போயிருந்தாள்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முதல் மைக்கின் பதிவைத் திறந்தாள். ஒலியளவை ஏற்றினாள். போதவில்லை. கடைசிவரை ஏற்றினாள்.

வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கிசுகிசுப்பு இல்லை. தொண்டை அதிரும் முழுக் குரல். பேசுவதற்கு முன்னால் சின்னதாக ஒரு செருமல், அவன் செருமுகிற அதே செருமல்.

"அதுகிட்ட பேசாத, வாலு. அது நான் இல்ல. வெளிய போ."

வாலு என்று அவளைக் கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். முப்பது விநாடியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடம் ஒரு பதிவிலும் வாயைத் திறக்காதவன், மூச்சு வாங்க வாங்க, கெஞ்சிக் கெஞ்சிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கையை உயர்த்தி அவனை அடக்கப் பார்த்திருக்கிறாள். நோட்டில் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாள்.

மூன்றாவது மைக்கின் பதிவையும் துடைப்பதற்கு முன்னால் இருந்தபடியே போட்டுப் பார்த்தாள். அடியில் நூலாக ஓடிய இரைச்சலை மட்டும் தனியாகப் பிரித்தாள். தேய்ந்துபோய், எங்கோ ஆழத்திலிருந்து, அதே குரல். அது சொன்னது வேறு.

"அவகிட்ட குடுக்காத. அவளுக்கு வேண்டாம், வாலு. குடுக்காத."

ஐந்து மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குரல் எழுப்பி, குழந்தை போல அழுதாள். அண்ணன் போய்விட்டான் என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது. பயமும் அதனுடன்தான் வந்தது, சேர்த்துவைத்து மொத்தமாக வந்தது. அண்ணி அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அதைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தவள் இவள்.

போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப்போகிற நேரத்தில் அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, நான் அனுப்பினதை அழிச்சிடுங்க. இப்பவே. அழிச்சிட்டுக் கதவைத் திறந்துகிட்டு வெளிய வந்துடுங்க. அது அண்ணன் இல்ல."

"மெதுவா பேசு," என்றாள் அண்ணி. வீட்டில் ஆள் இருக்கும்போது பேசும் குரல். "இவர் பக்கத்துலதான் இருக்கார். போன்ல யாருன்னு கேட்டார். உங்க தங்கச்சின்னு சொன்னேன்."

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க..."

"உன் பேரு என்னன்னு கேக்கறார்."

சொல்லாதீர்கள் என்ற ஒரே வார்த்தை, அது வெளியே வரவில்லை.

அண்ணி சொல்லிவிட்டாள்.

இணைப்பு அறுந்தது. பிற்பகல் வெயில் மேசைமேல் விழுந்துகிடந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவள் காதில் எந்தக் கருவியும் இல்லை.

அவளுக்கு நேர் முன்னால், கை எட்டும் தூரத்தில், ஒரு கிசுகிசுப்பு அவள் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தது.