கோமதியின் பழகுலோகம்

கோமதி இறந்த அன்று மருத்துவமனையில் முதலில் கேட்டதே, "பழகுலோகத்தை யாரிடம் கொடுக்க?" என்பதுதான். பாளையங்கோட்டையில் இப்போது அதுதான் வழக்கம். தகனத்துக்கு அனுப்பும் முன் இடுப்பிலோ முழங்காலிலோ வைத்திருக்கும் அந்தச் செயற்கை மூட்டை எடுத்துக் கழுவி வீட்டாரிடம் தந்துவிடுவார்கள். சிலர் அதைப் பூஜை அறையில் வைத்து விளக்கேற்றுவார்கள். அவள் கணவர் தளவாய்க்கு அது போதவில்லை. அவருக்கும் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. அவள் இடுப்பில் இருந்ததையே தனக்கு வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அப்படித்தான் நிற்கவும் முடிந்தது, பாவம்.

மருத்துவர் நஸீமா தடுத்துப் பார்த்தார். பழைய டைட்டேனியம் கலவை சாது. மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொண்டு, உடம்பின் கண்ணில் படாமல் காலம் தள்ளும். அதிலிருந்து வந்த பழகுலோகம் வேறு ரகம். சுற்றியிருக்கும் இரத்தத்தையும் எலும்பையும் நடையையும் கற்று, நாளடைவில் அந்த உடம்பாகவே ஆகிவிடும். இன்னொருவருக்கு வைப்பதென்றால் உலையில் சுட்டு, கற்றதை அழித்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

சுடவே கூடாது என்றார் தளவாய். சுட்டுவிட்டால் அதில் கோமதி எங்கே இருப்பாள் என்று கேட்டார். நாற்பது வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்த எங்களுக்குள் இல்லாத பொருத்தமா என்று பெருமையும் அடித்துக்கொண்டார். மகள் உமையாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். சோதனையில் அவர் உடம்பு அதை எதிர்க்கவில்லை என்று வரவே, நஸீமாவால் மறுக்க முடியவில்லை. அது அவரை எதிர்க்குமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வைத்த சில வாரங்களில் வலி தொடங்கியது. தளவாய் யாரிடமும் மூச்சு விடவில்லை. வலிக்கிற இடத்தில் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அங்கே கையை வைத்தபடி அவளோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் கட்டிலைவிட்டு எழவே முடியவில்லை. உமையாள்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

நஸீமா படத்தைக் காட்டினார். தளவாயின் எலும்பு உலோகத்தை நோக்கி நன்றாக வளர்ந்திருந்தது. எலும்பு எட்டிய இடத்திலெல்லாம் உலோகத்தின் தோல் உள்ளே சுருங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் ஓர் இடைவெளி.

"உங்க உடம்பு இத ஏத்துக்கிட்டுது சார். இதுதான் உங்கள ஏத்துக்கல."

"நாப்பது வருஷம் எங்கூட இருந்தவ டாக்டரம்மா."

"அவங்க இருந்தாங்க. இது அவங்களுக்குள்ள மட்டுந்தான் இருந்துது. இன்னொருத்தருக்காகத் தன்ன மாத்திக்க இதுக்குத் தெரியாது."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றார் தளவாய்.

இனி ஒரே வழிதான் என்றார் நஸீமா. எடுத்து, சுட்டு, மறுபடி வைத்தால் அது அவரோடு பழகிவிடும், நடக்கலாம். புதிதாக வேறொன்றை வைக்க முடியாது, அவர் எலும்பு இதன் வடிவத்துக்கே வளைந்து வளர்ந்துவிட்டது. அப்படியே விட்டால் இருக்கிற எலும்பும் கரைந்துவிடும். எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் சக்கர நாற்காலிதான் கதி.

தளவாய் மகளைப் பார்த்தார். "அம்மா இருந்தா என்னட்டி சொல்லுவா?"

"'உங்க இஷ்டம்'னு சொல்லுவா. வேற என்னத்தச் சொல்லியிருக்கா?" என்றாள் உமையாள்.

தூத்துக்குடியில் ஆசிரியை வேலைக்கு வந்த உத்தரவைக் கோமதி மடித்துவைத்தபோதும் அதைத்தான் சொன்னாள். அவள் அப்பா கொடுத்த வீட்டைத் தளவாய் விற்றபோதும் அதைத்தான் சொன்னாள். சண்டை இல்லாத வாழ்க்கை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு, சண்டை போட அவளுக்கு இடமே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மகள் முன்னால், டாக்டர் முன்னால், வாய்விட்டு அழுதார்.

சுடுவதற்கு நாள் குறிக்கட்டுமா என்று நஸீமா மெல்லக் கேட்டார். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"எடுத்துருங்க, ஆனா சுடாண்டாம். இப்பத்தான் அவ ஒரு தடவ வேண்டாம்னு சொல்லுதா. அத எப்படி அழிக்கச் சொல்லுவேன்?"

உமையாள் எவ்வளவோ மன்றாடினாள். அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் அதை எடுத்து, கழுவி, அவள் கையில் கொடுத்தார்கள். அதன்பிறகு தளவாய் எழுந்து நடக்கவில்லை.