ஹோரஸுக்கு விட்ட நாலு சுற்று

ரீட் ஈரமாக இருந்தது.

அலோன்சோ மீக்ஸ் அதை மறுபடியும் விரலால் தொட்டுப் பார்த்தார். சாக்ஸபோனின் வாயில் கட்டும் மெல்லிய நாணல் சீவல் அது. வாசித்து முடித்ததும் எச்சிலைத் துடைத்து, கோணாமல் காய்வதற்காக ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்துவிட்டுப் போவது அவருடைய நெடுநாள் பழக்கம். நேற்றும் அப்படித்தான் வைத்தார். மேடைக்குப் பின்னால் இருந்த அறையைத் தானே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது மதியம். இந்நேரம் அது சருகாகக் காய்ந்திருக்க வேண்டும்.

வெறும் ஈரம் என்றால் கூரை ஒழுகுகிறது என்று நினைத்திருப்பார். ரீட் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் உதட்டிலிருந்து எடுத்து வைத்தது போல. மூக்கருகே கொண்டுபோனார். கிராம்பு வாசனை.

ஹோரஸ் கேட்லெட்டுக்குத் தீராத பல்வலி. வாசிக்காத நேரமெல்லாம் கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பான். ஆனால் ஹோரஸை மண்ணுக்குள் இறக்கி இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

ரீட்டைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தபடி மேடைக்கு வந்தார். வெளியே வைலி அவென்யூவில் பட்டப்பகலிலேயே தெருவிளக்குகள் எரிந்தன. எஃகாலைப் புகை இறங்கிவிட்டால் பிட்ஸ்பர்க்கில் மதியமும் ராத்திரியும் ஒன்றுதான். சன்னலே இல்லாத புளூ லான்டர்ன் கிளப்புக்குள் அந்த இருட்டு இன்னும் கெட்டியாக இருந்தது. மேசைகள் மேல் கவிழ்த்து வைத்த நாற்காலிகள் கால்களை மேலே நீட்டிக்கொண்டு நின்றன. நேற்றைய சுருட்டுப் புகையும், சிந்திய விஸ்கியும், பெண்களின் முகப்பவுடர் வாசனையும் கலந்து ஒரு பழைய போர்வையைப் போல எல்லாவற்றின் மேலும் மூடிக் கிடந்தது. மேடைக்கு மேல் ஒரே ஒரு பல்பு. பாரின் பின்புறத்து நீளக் கண்ணாடியில் அந்தப் பல்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

இந்தக் கிளப்பை அவரும் ஹோரஸும் சேர்ந்துதான் பிரபலமாக்கினார்கள். மேடையில் இரண்டு சாக்ஸபோன்கள். தாளத்தில் நாலு சுற்று இவர் வாசிப்பார். அடுத்த நாலு சுற்றுக்கு ஹோரஸ் பதில் சொல்வான். இவர் சீண்டுவார், அவன் திருப்பிக் கொடுப்பான். ஊரே கை தட்டிச் சிரிக்கும்.

ஹோரஸை அடக்கம் செய்த அன்று ராத்திரி மேடையில், அலோன்சோ தன் நாலு சுற்றை வாசித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் நிறுத்திவிட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. டிரம்ஸ் மட்டும் தனியாக நடந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து எல்லா ஆண்களும் கழற்றினார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தினமும் நாலு சுற்று ஹோரஸுக்காகக் காலியாக விடப்படும், தொப்பிகள் இறங்கும், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கிளீவ்லாந்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள், அந்த மௌனத்தைக் கேட்க.

நேற்று அந்த மௌனத்தில் அலோன்சோவுக்கு ஒரு சத்தம் கேட்டது.

அவருக்கு இடப்பக்கம், ஹோரஸ் நிற்கும் இடத்தில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். வாசிக்கப் போகிறவன் இழுக்கும் மூச்சு. ஹோரஸுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது; அந்தச் சந்தில் காற்று புகும் அதே சின்ன விசில். அதே நொடியில் அலோன்சோவின் நெஞ்சு காலியானது. பையைக் கவிழ்த்துக் கொட்டியது போல. தன் முறை வந்தபோது ஊதக் காற்றே இல்லை. வாத்தியத்தை வாயில் வைத்தபடி அப்படியே நின்றார். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

ஒரு மாதமாகவே மூச்சு குறைந்துகொண்டுதான் வந்தது. ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க நுரையீரல் வாலிபப் பையனோடது மாதிரி இருக்கு" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

காலையில், கிளப்புக்கு மேலே இருந்த மாடி வீட்டில் காபி ஊற்றும்போது மனைவி ஐடெல்லா பொரிந்து தள்ளினாள்.

"விட்டுத் தொலையேன்யா அந்தக் கூத்தை. செத்தவனுக்குத் தினமும் நாற்காலி போட்டு வச்சா, ஒரு நாள் வந்து உக்காரத்தானே செய்வான்?"

"அதைப் பாக்கத்தான் ஜனம் வருது, ஐடெல்லா."

"அப்ப என்னையும் பொதைச்சிட்டு எனக்கும் ஒரு நாலு சுத்து விடு. கூட்டம் ரெண்டு மடங்கா வரும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் கேலியை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "உனக்கு உதடெல்லாம் நீலம் பாஞ்சிருக்கு" என்றாள் தாழ்ந்த குரலில். "இன்னைக்கே நிறுத்து. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினார். அதற்காகத்தான் இந்த ஒத்திகை.

டிரம்ஸ்காரன் ஸ்டப்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு, புகைக்கு இருமியபடி உள்ளே வந்தான். குள்ளம், தொந்தி, தலையில் ஒரு பழுப்புத் தொப்பி. அதைக் குளிக்கும்போதும் கழற்றமாட்டான் என்று ஊரில் கேலி உண்டு. ஹோரஸின் நாலு சுற்றுக்கு மட்டும்தான் அது அவன் தலையை விட்டு இறங்கும்.

"என்னண்ணே, பட்டப்பகல்ல ஒத்திகை? மனுசன் தூங்க வேண்டாமா?"

"இன்னைலேர்ந்து இடம் விடப்போறதில்ல ஸ்டப்ஸ். அந்த நாலு சுத்தையும் நானே வாசிச்சிடப் போறேன்."

ஸ்டப்ஸ் குச்சியால் முதுகைச் சொறிந்தான். "ஹோரஸ் அண்ணன் முறையிலயா? உயிரோட இருந்தப்ப யாராச்சும் அதுல மூக்கை நுழைச்சா, அந்தாளு வாத்தியத்தாலயே மண்டைல போடுவாரு."

"இப்ப போடமாட்டான்."

"அது சரி" என்று சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அலோன்சோ புதுப் பெட்டியைப் பிரித்து ஒரு புது ரீட்டை எடுத்தார். யார் கையும் படாதது. நனைப்பதற்காக வாயில் வைத்தார்.

கிராம்பு.

துப்பிவிடத் தோன்றியது. ஆனால் ஸ்டப்ஸ் தாளத்தை ஆரம்பித்துவிட்டான். வெறும் நினைப்பு, எல்லாம் நினைப்பு என்று சொல்லிக்கொண்டு ரீட்டைக் கட்டி, வாத்தியத்தை உதட்டில் பொருத்தினார்.

தன் நாலு சுற்றை வாசித்தார். தொனி சன்னமாக இருந்தாலும் தடுக்கவில்லை. அவை முடிந்தன. வழக்கமாக நிறுத்தும் இடம். இடப்பக்கம் அந்த விசில் கேட்கும் முன்பே, அவர் நிறுத்தாமல் உள்ளே பாய்ந்தார்.

நாதம் வந்தது. அகலமாக, பெரிதாக, அறை முழுக்க. ஒரு மாதமாக இப்படி ஒரு நாதம் அவருக்கு வந்ததில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் ஒரு சோம்பலான நடுக்கம்.

அந்த நடுக்கம் அவருடையது இல்லை.

"அட!" ஸ்டப்ஸ் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். "ஹோரஸ் அண்ணனை அப்படியே எறக்குறீங்களே!"

அலோன்சோ வாயை எடுத்தார்.

வாசிப்பு நிற்கவில்லை.

வாத்தியம் அவர் கையில் சூடாக அதிர்ந்தது. விரல் வைத்து அழுத்தும் விசைகள் தாமாக இறங்கின. இறங்கிய விசைகளோடு அவர் விரல்களும் இறங்கின. ஒவ்வொரு சுரத்துக்கும் அவர் நெஞ்சு உள்ளே அமுங்கியது. யாரோ துருத்தியை மிதிப்பது போல. விட்டு விட்டு. பொறுமையாக.

நான்கு சுற்று முடிந்தது. வாத்தியம் நின்றது.

டிரம்ஸ் மட்டும் நடந்தது.

இப்போது அலோன்சோவின் முறை. ஹோரஸ் மரியாதை தெரிந்தவன். அடுத்தவன் முறையில் ஒருநாளும் புகமாட்டான். காத்திருந்தான்.

முதல் சுற்று. அலோன்சோ மூச்சை இழுத்தார். நெஞ்சு அசையவில்லை. ஸ்டப்ஸைக் கூப்பிட வாய் திறந்தது. சத்தம் இல்லை.

இரண்டாம் சுற்று. மாடிப்படியில் காலடி. ஐடெல்லா பொரித்த மீன் தட்டோடு இறங்கி வந்தாள். மீனிலிருந்து ஆவி எழுந்தது. வாசனை வரவில்லை. மேடையைப் பார்த்தாள். அவரைத் தாண்டி, இடப்பக்கம் எதையோ பார்த்தாள். தட்டு சாய்ந்தது.

மூன்றாம் சுற்று. தட்டு உடைந்த சத்தத்தில் ஸ்டப்ஸ் கண்ணைத் திறந்தான். அலோன்சோ நின்ற இடத்தை நேராகப் பார்த்தான். அங்கே யாருமே இல்லாத வெற்றுச் சுவரைப் பார்ப்பது போல. அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. இருந்தும் அவன் கால் தாளத்தை விடவில்லை.

நான்காம் சுற்று.

ஸ்டப்ஸ் குச்சியைக் கீழே வைத்தான். மெதுவாக, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.