பிடிச்சுக்க

கஞ்சிப் பானை அசையாமல் இருந்ததைச் செல்லையன்தான் முதலில் கவனித்தான். கடலில் பானை என்றால் ஆடும்; நீத்தண்ணி விளிம்புவரை ஏறி இறங்கும், மூடி விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். இருபது வருஷமாக அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டேதான் வலை இழுத்திருக்கிறான். இப்போது மூடி சும்மா கிடந்தது. திறந்து பார்த்தான். நீத்தண்ணியில் அவன் தாடி மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

காற்றோ அடங்கவில்லை. கருக்களாச்சேரியிலிருந்து விடியலில் கிளம்பியபோது முதுகில் தள்ளிய அதே மேலக்காற்றுதான், புழுதியும் மாட்டுச்சாண வாடையுமாகக் கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் பத்து மணிக்கு ஓய்ந்துவிடும்; மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்து வீட்டுக்குத் தள்ளும். இன்றைக்கு ஓயவில்லை. எதிர்காற்றில் பாய் விரித்தாலும் படகு இன்னும் வெளியேதான் ஓடும் என்று பாயை இறக்கிவிட்டார்கள். அப்படியும் ஓடியது. லைட் அவுஸ் குச்சியாகி மறைந்தது. மாதா கோயில் உச்சி மட்டும் மிச்சம். அதுவும் மறைந்தால் திசை போச்சு, குடிக்கத் தண்ணீரும் சாயங்காலம்வரைதான். போன வருஷம் இப்படி வெளியே தள்ளப்பட்ட இரண்டு படகுகளுக்குக் கரையில் கருமாதிதான் நடந்தது.

நங்கூரக் கல்லுக்குத் தரை கிடைக்கவில்லை. இருந்த கயிறு முழுக்கப் போயும் கல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஒரே வழி. வலையை மூட்டையாகக் கட்டி, கல்லையும் அதோடு சேர்த்து, படகின் மூக்கிலிருந்து கயிற்றில் விடுவது. தண்ணீருக்குள் அந்தப் பாரம் இழுபட இழுபட, படகு காற்றைப் பார்த்துத் திரும்பி மெதுவாகச் சறுக்கும். நிற்காது. மெதுவாகும், அவ்வளவுதான்.

மூட்டையைத் தூக்கிப் போட்டபோது செல்லையன் வாய் பழக்கத்தில் கத்திவிட்டது.

“பிடிச்சுக்க!”

கரையில் கயிறு எறிகிறவன் எதிரில் நிற்கிறவனுக்குச் சொல்வது. எதிரில் கடல்தான் இருந்தது.

மைத்துனன் அஞ்சப்பன் சிரித்தான். “யாரப் புடிக்கச் சொல்றீங்க மச்சான்? சுறாவ வேலைக்கு வச்சிருக்கீங்களா? நம்மூர்ப் பெருசுகளுக்கு வர்ற பிரெஞ்சு பென்ஷன் உண்டான்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் குதிச்சிடுறேன்.”

“வாய மூடிக்கிட்டுக் கயித்தப் பாரு மாப்ள.”

கயிறு விறைத்தது. படகு நின்றது. மாதா கோயில் உச்சி அதற்குமேல் சிறுக்கவில்லை. அஞ்சப்பன் பீடி பற்றவைத்தான். செல்லையனுக்கும் மூச்சு வந்தது. “எந்தம்பிய முழுசாக் கொண்டாந்து சேருங்க” என்று காலையில் அமுதம் வாசலில் நின்று சொல்லியிருந்தாள்; பெண்டாட்டி வாய் அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் பானையைப் பார்த்தான்.

எட்டிப் பார்த்தான். நுரையும் பாசியும் இரண்டு பக்கமும் விறுவிறுவென்று பின்னால் ஓடின. படகு ஒரு விரல்கூட நகரவில்லை. வலை மூட்டை இப்படிப் பிடிக்காது. எதுவும் இப்படிப் பிடிக்காது. படகின் மூக்கடியிலிருந்து ஒரு வாடை ஏறியது. பூட்டிய வீட்டு ஈரம்.

அஞ்சப்பனிடம் சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் காற்று திரும்பியது.

“கடக்காத்து மச்சான்! தூக்குங்க!”

இருவரும் இழுத்தார்கள். உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது. கயிறு வரவில்லை.

“விடு,” என்றான் அஞ்சப்பன், தண்ணீரைப் பார்த்து, பாதி விளையாட்டாக. பிறகு, “போதும், விட்டுரு.” பிறகு குரல் உடைந்து, “விட்டுடுங்க சாமி.”

செல்லையன் கத்தியை எடுத்து அறுத்தான். கயிறு துண்டானது.

அறுந்த முனை விழவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு முழம், நீட்டியது நீட்டியபடி நின்றது.

பாயை ஏற்றினார்கள். காற்று செல்லையன் பிடரியில் அறைந்தது. பாய் உப்பவில்லை. சுவரில் ஒட்டிய துணியாகத் தொங்கியது.

அப்போது முதல் அலை வந்தது. பெரிய அலை இல்லை. எந்தக் கட்டுமரமும் ஏறி இறங்கிவிடும். படகு ஏறவில்லை. அலை நேராக உள்ளே வந்தது.

“அள்ளுடா!”

அஞ்சப்பன் தகரத்தால் அள்ளி வீசினான். அடுத்த அலை. அள்ளினான். வீசினான். வீசிய தண்ணீர் கடலில் விழுந்தது.

வீசிய கை இறங்கவில்லை.

“மாப்ள?”

காற்று அடித்தது. அஞ்சப்பன் தலைமயிர் அசையவில்லை. சட்டை அசையவில்லை.

குதி. குதித்து நீந்து. செல்லையன் காலைத் தூக்கினான். தூக்க நினைத்தான். முழங்கால்வரை கால் இல்லை. இருந்தது, அவனுடையதாக இல்லை. அந்தக் குளிர் இடுப்புக்கு ஏறியது. கைக்கு. தாடைக்கு. அமுதம் என்று கூப்பிட வாய் திறந்து, அங்கேயே நின்றது.

படகு நிறைந்துவிட்டது. மூழ்கவில்லை. மூழ்கவும் விடவில்லை.

தூரத்தில் பாய்கள் உப்பிக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. நாலு, ஐந்து.

அலை அஞ்சப்பன் நெஞ்சில் மோதியது. அடுத்தது கழுத்தில். அடுத்தது தலைக்கு மேலே போனது. வடிந்தபோது முகம் அப்படியே இருந்தது. திறந்த வாய்க்குள் போன கடல் வெளியே வழிந்தது. அவன் கண்மணிகள் மட்டும் உருண்டு செல்லையனிடம் வந்தன. அடுத்த அலை எழும்பியது.